மீதி தொண்ணூற்றாறரை மணி நேரம்

கான்ஃபரன்ஸுக்குப் போய்வந்த யார் வீட்டிலும் ஒரு பை இருக்கும். சணலில் செய்தது. ஒரு பக்கம் சங்கத்தின் பெயர், மறுபக்கம் ஸ்பான்ஸர் பெயர். உள்ளே ஒரு ஸ்பைரல் நோட்டு, பாதி நாளில் எழுத மறுக்கும் பேனா, புரோகிராம் அட்டை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அதே பை முருங்கைக்காயை வெளியே நீட்டிக்கொண்டு மார்க்கெட்டிலிருந்து திரும்பும்.

பத்திரிகைத் தொழிலில் என் வீட்டிலும் இப்படிப் பல பைகள் சேர்ந்துவிட்டன. ஆடிட்டர்கள் மாநாடு, பல் டாக்டர்கள் மாநாடு, இறால் வளர்ப்போர் மாநாடு... எல்லா இடத்திலும் குத்துவிளக்கு ஒன்றுதான். கடைசி நிமிஷத்தில் தீப்பெட்டி தேடுகிற பதற்றமும் ஒன்றுதான். ஆனால், சமீபத்தில் புதுச்சேரியில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓட்டல் ஒன்றில் நடந்த இரண்டு நாள் மாநாட்டுக்கு நான் செய்திக்காகப் போகவில்லை. தங்கைக்காகப் போனேன்.

குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகளும் ஸ்பீச் தெரபிஸ்ட்டுகளும் கூடிய மாநாடு. தங்கை மகனுக்கு மூன்றரை வயது. இன்னும் பேச்சு வரவில்லை. வாரம் இரண்டு நாள் தெரபிக்குப் போகிறான். மாநாடு தெரபிஸ்ட்டுகளுக்கு மட்டும்தான், பெற்றோருக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். "நீ பிரஸ்தானேண்ணா, உன்னை உள்ளே விடுவாங்க. எங்களுக்கு உபயோகமா ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வா, போதும்" என்றாள்.

முதலில் இந்த இரண்டு தொழில்களைப் பற்றி. ஸ்பீச் தெரபி என்றால் ஓரளவு புரிந்துவிடும். ஆக்குபேஷனல் தெரபி என்றால்தான் குழப்பம். 'ஆக்குபேஷன்னா வேலையாச்சே... மூணு வயசுக் குழந்தை பயோடேட்டாவா எழுதப் போகுது?' என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். குழந்தைக்கும் வேலை உண்டு சார். விளையாடுவது, சாப்பிடுவது, சட்டை போட்டுக்கொள்வது, பல் தேய்ப்பது, பென்சில் பிடிப்பது எல்லாம் வேலைதான். இதில் எங்கே சிக்குகிறது என்று பார்த்து அந்த முடிச்சை மெதுவாக அவிழ்ப்பவர்தான், சுருக்கமாக ஓ.டி. என்று சொல்லப்படுகிறவர்.

இதற்கு நம் நாட்டில் முதல் பள்ளி 1950-ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியது. தொடங்கியவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இங்கேயே தங்கிவிட்டவர். 1952-ல் இந்தத் தொழிலுக்கு உலகக் கூட்டமைப்பு உருவானபோது, அதைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பேச்சுப் பக்கம் பார்த்தால், மைசூரில் அகில இந்திய பேச்சு, கேட்பு நிலையம் 1960-களிலேயே வந்துவிட்டது. எங்கள் ஊர் ஜிப்மரிலும் இதற்குப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஆக, தொழில் புதுசு இல்லை. ஆட்கள்தான் குறைவு. இருப்பவர்களும் பெரும்பாலும் பெரிய ஊர்களிலேயே இருக்கிறார்கள்.

மாநாடு தொடங்கியது. தமிழ்த்தாய் வாழ்த்து பாடினார்கள். புதுச்சேரியில் அது பாரதிதாசன் எழுதியது. எழுந்து நின்று பாடி, உட்கார்ந்தோம். அதற்குப் பிறகு மதியச் சாப்பாடு வரை மேடையில் தமிழ் கேட்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை. கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்திருந்தார்கள், ஆங்கிலம்தான் பொது. ஆனாலும் பேசப்பட்ட விஷயமே பேச்சு அல்லவா?

ஒரு ஸ்லைடில், குழந்தைக்குக் காட்டிப் பெயர் கேட்கிற பட அட்டைகள் வந்தன. வெளிநாட்டில் அச்சானவை. அதில் ஒன்று பனிமனிதன். வெள்ளையாக ஒரு பெரிய உருண்டை, மேலே ஒரு சின்ன உருண்டை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம் தெரபிஸ்ட் என் பக்கம் சாய்ந்து, "ஒரு குழந்தை இதைப் பார்த்து கொழுக்கட்டைன்னு சொல்லுச்சு சார். மார்க் போடறதா வேண்டாமான்னு எனக்குத் தெரியல" என்றார்.

நான் பி.காம். படித்தவன். புரியாத ஸ்லைடு ஓடும்போது கை தானாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். ஸ்பைரல் நோட்டை எடுத்தேன். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். குழந்தை ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் தூங்குகிறது என்று வைத்துக்கொண்டால், விழித்திருப்பது 14 மணி. வாரத்துக்கு 98 மணி நேரம். தெரபி எவ்வளவு? முக்கால் மணி நேரம் வீதம் இரண்டு தடவை. ஒன்றரை மணி நேரம்.

98-ல் ஒன்றரை போனால் மீதி தொண்ணூற்றாறரை.

அந்த மீதி நேரத்தில் குழந்தை யாரிடம் இருக்கிறது? அம்மாவிடம், ஆயாவிடம், அப்பாவிடம், பக்கத்து வீட்டு அக்காவிடம். நோட்டின் நடுவில் ஒரு கோடு போட்டேன். மேடையில் சொல்லப்படுகிற விஷயம் மீதித் தொண்ணூற்றாறரை மணி நேரத்துக்கு உதவினால் வரவு. அதைத் தின்றால் பற்று. இரண்டு நாளும் அப்படித்தான் எழுதினேன்.

முதல் பதிவு ஹாலுக்கு வெளியே. வரிசையாகக் கடைகள். கூரையிலிருந்து தொங்கும் விதவிதமான ஊஞ்சல்கள், உருளும் பெரிய பந்துகள், கனமான பொதி வைத்துத் தைத்த அங்கி, கலர் கலராக மின்னும் விளக்குகள். கண், காது, தொடு உணர்வு, உடம்பின் சமநிலை என்று புலன்கள் அனுப்பும் சேதிகளை மூளை கோத்துக்கொள்ளத் தடுமாறுகிறது, அதைப் பழக்கலாம் என்பது இதன் அடிப்படை. ஜீன் அய்ரஸ் என்ற அமெரிக்க ஓ.டி. உருவாக்கிய கோட்பாடு. அவருடைய முக்கியமான புத்தகம் 1972-ல் வந்தது. இன்றைக்கு ஊருக்கு ஊர் இந்த ஊஞ்சல் அறைகள் வந்துவிட்டன. 2012-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், இந்த சிகிச்சையின் பலனுக்கு ஆதாரம் இன்னும் போதாது, அதைப் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர்களுக்கு அறிவுறுத்தியது. பிறகு வந்த ஆய்வுகளும் இரண்டு பக்கமும் பேசுகின்றன.

கடை முன்னால் நின்றிருந்த ஒரு மூத்த ஓ.டி.யிடம் இதைக் கேட்டேன். இருபது வருஷத்துக்கு மேல் அனுபவம் உள்ள அம்மையார். சிரித்தார். "ஊஞ்சல்ல ஆடினா குழந்தை சந்தோஷப்படும். அது நல்லதுதான். ஆனா ஊஞ்சல் இங்கேயே இருக்கும், குழந்தை வீட்டுக்குப் போயிடும் சார். வீட்ல என்ன இருக்குன்னு கேக்கணும்."

வீட்டில் என்ன இருக்கிறது? அவரே அடுக்கினார். கொடியில் துணி மாட்டும் கிளிப் இருக்கிறது. அதை அழுத்தித் திறந்தால் விரலுக்குப் பலம். சப்பாத்தி மாவு இருக்கிறது. உருட்டலாம், பிய்க்கலாம். பட்டாணி இருந்தால் உரிக்கலாம். கோலமாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து விடுவது, பின்னால் பென்சில் பிடிப்பதற்குப் பழக்கம். பல்லாங்குழியில் மூன்று பாடம்: புளியங்கொட்டையைப் பொறுக்க விரல் வேலை, எண்ணிக்கை, அப்புறம் 'இப்ப நீ, அடுத்தது நான்' என்று முறை வைத்துக் காத்திருப்பது. அந்த மூன்றாவதுதான் பேச்சுக்கே அஸ்திவாரம் என்றார். பேச்சும் முறை வைத்து ஆடுகிற ஆட்டம்தானே!

வரவுப் பக்கம் ஒரே மூச்சில் நிறைந்தது.

இரண்டாவது பதிவு என் வீட்டு விஷயம். தங்கை முதன்முதலில் குழந்தையைக் காட்டிய இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு யோசனை சொல்லி அனுப்பினார்கள். "ரெண்டு பாஷை காதுல விழறதாலதான் குழந்தை குழம்புது. எப்படியும் ஸ்கூல் இங்கிலீஷ்தானே, வீட்லயும் இனிமே இங்கிலீஷ் மட்டும் பேசுங்க." தங்கை எப்படியோ சமாளித்தாள். எங்கள் அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தங்கை ஆபீஸ் போகிற நாட்களில் பேரனைப் பார்த்துக்கொள்வது அம்மாதான்.

எட்டு மாதம் அம்மா பேரனிடம் பேசவில்லை. சோறு ஊட்டும்போது "ஈட்... ஈட்" என்பார். தூங்கவைக்கும்போது தாலாட்டு நாக்கு நுனி வரை வரும். விழுங்கிவிட்டு வெறுமனே முனகுவார். "நான் தமிழ்ல பேசினா பிள்ளைக்குப் பேச்சு வராதாமேப்பா?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். வாழ்நாள் முழுக்கத் தெருவுக்கே கதை சொன்ன மனுஷி.

கணக்குப்படி இது எவ்வளவு? நாளுக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள். தொண்ணூற்றாறரையில் ஐம்பது மணி நேரம், ஒரே ஒரு யோசனையில் பற்று.

முதல் நாள் மாலை பேசிய பேராசிரியை இந்த விஷயத்துக்கு வந்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகும் என்பதற்கு ஆதாரமே இல்லை என்றார். கனடாவில் 2005-ல் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளிடம் செய்த ஆய்வு, 2012-ல் ஆட்டிஸம் உள்ள குழந்தைகளிடம் செய்த ஆய்வு என்று வரிசையாகக் காட்டினார். ஒரு மொழி வீட்டுக் குழந்தைகளைவிட இரண்டு மொழி வீட்டுக் குழந்தைகள் எதிலும் பின்தங்கவில்லை. வீட்டில் யாருக்கு எந்த மொழி தடையில்லாமல் வருகிறதோ, அவர் அந்த மொழியில் பேசட்டும். அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்கள், இதற்குக் கனடா வரை போகணுமா? எங்கள் ஊரிலேயே பிரெஞ்சுப் பள்ளி 1826-லிருந்து இருக்கிறது. ஆயாவிடம் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு, டி.வி.யில் இங்கிலீஷ் என்று எத்தனை சொல்தா வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள்! இரண்டு மொழி குழந்தையின் வாயை அடைத்துவிடும் என்றால், புதுச்சேரியில் பாதிப் பேர் சைகையில்தான் பேசிக்கொண்டிருக்க வேண்டும். இங்கே பேச்சை நிறுத்துவதல்லவா கஷ்டம்?

பேராசிரியை சொன்னதில் இன்னொன்று எனக்குப் பிடித்தது. பேச்சு தாமதமான குழந்தைக்குத் தமிழ் ரொம்ப தயவான மொழி. வா, போ, தா, நீ, பூ, கை, பை, ஈ... எல்லாம் ஒரே எழுத்து. ஒவ்வொன்றும் முழு வார்த்தை. ஓரெழுத்து ஒருமொழி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். நன்னூல் 42 என்று கணக்குச் சொல்கிறது. அதில் பாதி புலவர்களுக்கு என்றால், மீதி குழந்தைகளுக்கு. கொடு என்று கேட்பதற்கு வாயைத் திறந்து 'தா' என்றால் வேலை முடிந்தது. முதல் படிக்கட்டை இவ்வளவு தாழ்வாகக் கட்டி வைத்திருக்கிற மொழியை விட்டுவிட்டு, அம்மா 'ஈட்' என்று திணறிக்கொண்டிருந்தார்.

மாநாட்டின் நிஜமான வகுப்பு டீ இடைவேளையில்தான் நடக்கிறது. வந்திருந்தவர்களில் பலர் ஊருக்கு ஒருவராக, ஒரு சின்ன அறையில் தனியாக வேலை செய்கிறவர்கள். சந்தேகம் வந்தால் கேட்கப் பக்கத்தில் ஆள் கிடையாது. ஸ்பீச் தெரபிஸ்ட்டுகளுக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவைப் புதுப்பிக்கப் புள்ளிகள் வேண்டும். மாநாட்டுக்கு வந்தால் புள்ளி. ஆனால் புள்ளிக்காக மட்டும் வந்தவர்களாகத் தெரியவில்லை. "ஒரு குழந்தை சாதத்தைக் கடிக்காம அப்படியே முழுங்குது, நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று பிஸ்கட்டைக் கையில் பிடித்தபடி ஒருவர் கேட்க, நான்கு ஊர்களிலிருந்து நான்கு பதில்கள் வந்தன.

எல்லோருக்கும் பொதுவாக ஒரு வருத்தம் இருந்தது. குழந்தைகள் தாமதமாக வருகிறார்கள். 'ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்', 'அவங்க தாத்தாவும் அஞ்சு வயசுலதான் பேசினாராம்', 'நாக்குல வசம்பு தேய்ச்சா சரியாயிடும்' என்று வீட்டுக்கு வீடு ஒரு சமாதானம். ஒன்றரை வயதாகியும் ஒரு வார்த்தைகூட வரவில்லை, இரண்டு வயதில் இரண்டு வார்த்தைகளைச் சேர்க்கவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். முதல் வேலையாகக் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்கிறார்கள். ஒரு வருஷம் சும்மா காத்திருந்தால் 98 பெருக்கல் 52. அதாவது 5,096 மணி நேரம் பற்று.

இரண்டாம் நாள் காலை, என் கோடு போட்ட நோட்டுக்கே பதில் சொல்வதுபோல ஒரு அமர்வு. 1975-ல் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் அயலா மனோல்சன் என்ற ஸ்பீச் தெரபிஸ்ட், குழந்தைகளுக்குப் பதிலாகப் பெற்றோரைக் கூட்டி வைத்து வகுப்பு நடத்தினார். ஹேனன் என்ற பெயரில் அது இன்று பல நாடுகளில் நடக்கிறது. பாடத்தின் சாரம் மூன்றே சொல்: பார், பொறு, கேள். குழந்தை எதைப் பார்க்கிறது என்று நீங்கள் பாருங்கள். தோசையைத் தட்டில் போடுவதற்கு முன்னால் மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அது ஏதாவது ஒரு ஒலியால், ஒரு பார்வையால் கேட்க இடம் விடுங்கள். நம் வீடுகளில் குழந்தை வாய் திறப்பதற்குள் மூன்று பேர் அதற்குப் பதிலாகப் பேசிவிடுகிறோம்.

பணக்கார நாட்டுச் சமாசாரம் என்று தள்ளிவிட முடியாது. எங்களுக்குப் பிரெஞ்சுக்காரன் மாதிரி போர்ச்சுகீசியன் இருந்த கோவாவிலும், எல்லை தாண்டிப் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிஸம் உள்ள 65 குழந்தைகளிடம் செய்த ஆய்வு 2016-ல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வந்தது. பயிற்சி கொடுத்தவர்கள் தெரபிஸ்ட்டுகள்கூட இல்லை. இதற்கென்று பழக்கப்பட்ட சுகாதாரப் பணியாளர்கள். அம்மாவும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அம்மாவுக்கே போட்டுக் காட்டிப் பேசினார்கள். மாயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆனால் அம்மாக்கள் குழந்தையின் போக்குக்கு இசைந்தார்கள். குழந்தைகள் தாங்களாகவே தொடர்புகொள்வது கூடியது.

நம்ம பக்கத்திலும் உதாரணம் உண்டு. தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி தந்து, வீட்டுக்கே அனுப்புகிறார்கள். போகிறவர் கையில் ஒரு செயலி. தூரத்தில் இருக்கிற நிபுணர் அதைப் பார்த்து வழிகாட்டுகிறார். குழந்தையைத் தெரபிக்குத் தூக்கிக்கொண்டு அலைவதற்குப் பதில், தெரபி குழந்தையின் வாசலுக்குப் போகிறது.

கடைசியில் 'பெற்றோர் பேசுகிறார்' என்று ஒரு நிகழ்ச்சி. பாகூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா. இரண்டு நாளில் மேடையேறிய ஒரே ஒரு பெற்றோர். பத்து நிமிஷம் கொடுத்திருந்தார்கள். தமிழில் பேசினார்.

"முக்கா மணி நேர தெரபிக்கு ரெண்டு பஸ் மாறி வரணும். அன்னிக்குக் கூலி போயிடும். உள்ளே என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, கதவைச் சாத்திடுவாங்க. ஒருநாள் புதுசா வந்த பொண்ணு, 'உள்ளே வாங்கம்மா, நான் செய்யறதைப் பாருங்க'ன்னு கூப்பிட்டுச்சு. அப்புறம் நானே வீட்ல செய்ய ஆரம்பிச்சேன். தண்ணிச் செம்பைத் தூக்கி வரச் சொன்னேன். கேட்டாத்தான் குடுப்பேன்னு காத்திருந்தேன். எம் பையன் முதமுதலா 'மா'ன்னு சொன்னது தெரபி ரூம்ல இல்ல. அடுப்புல பால் பொங்குனப்ப, என்னைக் கூப்பிடறதுக்குச் சொன்னான்."

ஹாலில் ஒரு சத்தம் இல்லை. ஏழாவது நிமிஷத்தில் மணி அடித்துவிட்டார்கள். சாப்பாடு ஆறுகிறதாம். அந்த அம்மா நன்றி சொல்லி இறங்கினார்.

ஒரு யோசனை சொல்லட்டுமா? இரண்டு நாளில் ஒன்றரை நாள் உங்கள் ஆங்கிலத்திலேயே நடக்கட்டும். ஆய்வு, ஆதாரம், விவாதம் எல்லாம் அவசியம். எட்டு மாதம் அம்மாவின் வாயைக் கட்டிய யோசனை பொய் என்று அந்த ஆய்வுகள்தானே சொல்லின? கடைசி அரை நாள் மட்டும் கதவைத் திறந்து விடுங்கள். பெற்றோர் வரட்டும், ஆயாக்கள் வரட்டும். அதே விஷயத்தைத் தமிழில், துணிக் கிளிப்பையும் பல்லாங்குழியையும் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். தொண்ணூற்றாறரை மணி நேரத்தின் முதலாளிகளைக் கூப்பிடாமல் பேலன்ஸ் ஷீட்டை எப்படி முடிப்பது?

தங்கை கேட்ட 'ஒண்ணே ஒண்ணை' அன்று இரவே சொல்லிவிட்டேன்: அம்மாவைப் பேசச் சொல்லு. அம்மா இப்போது நாள் முழுக்கப் பேசுகிறார். எட்டு மாத பாக்கியையும் சேர்த்து. பையனுக்கு இன்னும் வார்த்தை வரவில்லை. ஆனால் தாலாட்டு பாதியில் நின்றால், அம்மாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புகிறான். அந்த மூத்த ஓ.டி.யிடம் போனில் சொன்னேன். "கேக்கறான் பாருங்க சார், அதுவும் பேச்சுதான்" என்றார்.

மாநாடு முடிந்து எல்லோரும் சர்டிஃபிகேட் வாங்க வரிசையில் நின்றபோது, கொழுக்கட்டைக் கதை சொன்ன இளம் தெரபிஸ்ட் மட்டும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். காரைக்காலில் வேலை பார்க்கிறாராம். எட்டிப் பார்த்தேன். பாகூர் அம்மா சொன்னவற்றை ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டுத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். தண்ணிச் செம்பு, காத்திருப்பது, அம்மாவை உள்ளே கூப்பிடுவது.

"திங்கக்கிழமை ஜெராக்ஸ் எடுத்து எங்க அம்மாக்களுக்கெல்லாம் குடுக்கணும் சார்" என்றார். பேனா மக்கர் பண்ணியது. என்னுடையதைக் கொடுத்தேன்.